கவிழ்த்துப் போட்ட கோலம்

இன்று காலை மொட்டை மாடியில் உன் வாசனை வந்தது. மல்லிகைப்பூ, பவுடர் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கும் அதற்கும் ரொம்ப தூரம். வெயிலில் கிடந்து சூடேறிய வினைல் விரிப்பின் வாசனை. தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து, நாள் முழுக்க நம் கம்பெனி மிக்ஸிங் ரூமில் நின்றுவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போகும்போது உன் புடவையிலும் தலைமுடியிலும் இருக்குமே, அதே வாசனை. "ரயில்ல என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாவே வரும்டி" என்று சொல்லிச் சிரிப்பாய்.

வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறோம். என் வீட்டுக்காரரும் மகளும் கூடிப் பேசி எடுத்த முடிவு. என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள், நானும் தலையாட்டினேன். மேஸ்திரி சின்ன அறையில் கிடந்த விரிப்பைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, இத்த குப்பைல போட்டுடட்டுமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அந்த மனுஷன் என்ன கண்டார், பாவம். பிடுங்காத குறையாக வாங்கி மாடிக்குக் கொண்டுபோய் விரித்தேன். விரித்தபோது, ஏழு வருஷமாகத் தரையைப் பார்த்துக் கிடந்த பக்கம் மேலே வந்துவிட்டது. நான் வரைந்த கோலம். கருநீலத்தில் வெள்ளைக் கோடு. ஒரு கீறல் இல்லை.

அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. நீ இருந்தபோது கேட்கவில்லை. என் வாய்தான் உனக்குத் தெரியுமே. சண்டைக்கு முந்திக்கொண்டு வரும், இதற்கு மட்டும் திறக்காது. இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் அந்தத் தரை விரிப்புக் கம்பெனியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரே வாரத்தில். ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எனக்கு டிசைன் மேஜை. பூ, கட்டம், மரப்பலகை என்று காகிதத்தில் வரைந்து கொடுத்தால் அதை அச்சு உருளையில் வெட்டிக்கொண்டு வருவார்கள். நீ கெமிஸ்ட்ரி படித்தவள். பிளாஸ்டிக் மாவையும் எண்ணெயையும் சுண்ணாம்புத் தூளையும் கலந்து கூழாக்குவது உன் வேலை. நீ என்னை 'டிராயிங்கு' என்பாய், நான் உன்னைப் 'பேஸ்ட்டு' என்பேன். பேர் சொல்லி அழைத்த ஞாபகமே எனக்கு இல்லை.

நாம் சேரும்வரைக்கும் கம்பெனி, பஸ்ஸுக்குள் தரையில் ஒட்டுகிற கறுப்பு ஷீட் மட்டும்தான் செய்துகொண்டிருந்தது. முதலாளிக்கு வீடுகளுக்குள் நுழைய ஆசை. சாதாரண ஜனங்கள் வாங்கி விரிக்கிற மாதிரி, பார்க்க அழகாக, பத்து வருஷம் உழைக்கிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள் என்றார். உனக்கு அது கம்பெனி வேலையாகவே படவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய உங்கள் லைன் வீட்டின் சிவப்புச் சிமெண்ட் தரையில், மார்கழிக் குளிரில், உன் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொல்வாய். "எங்கம்மா காலை கீழ வச்சா ஜில்லுனு ஏறக் கூடாது. எனக்கு அவ்ளோதான் வேணும்."

முதல் கூத்து உனக்கு மறந்திருக்காது. முதலாளி கன்னடக்காரர். நீ கலவையில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டிருக்க, அவர் வாசலில் நின்று "சாக்கு, சாக்கு" என்றார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். ஒக்கலிபுரத்தில் பிறந்த எனக்கு அது தினமும் காதில் விழுகிற வார்த்தை. தங்கவயலில் தமிழிலேயே வளர்ந்த உனக்கு அது கோணிச் சாக்கு. ஓடிப்போய் இன்னொரு சாக்குத் தூளை இழுத்துவந்து முழுசாகக் கவிழ்த்துவிட்டாய். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ தேவரே! போதும்னு சொன்னா இன்னொண்ணு கொட்டறியேம்மா!" நான் சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த இங்க் பாட்டில் உருண்டுவிட்டது.

வீணாய்ப் போயிற்று என்று எல்லோரும் விட்டுவிட்ட அந்தக் கூழை நீ விடவில்லை. தட்டில் ஊற்றிச் சுட்டு எடுத்தாய். விறைப்பாக வந்தது, மடக்கினால் விரிசல் விட்டது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது, மற்ற ஷீட்டெல்லாம் குழிந்துபோக, இது மட்டும் குழியவில்லை. "மேல இருந்தா ஒடையும். நடுவுல வச்சா?" என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். அப்படித்தான் இரண்டு மிருதுவான படலங்களுக்கு நடுவே இந்த விறைப்பான படலம் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கம்பெனியில் கடைசிவரைக்கும் 'சாக்கு' என்றுதான் பெயர். முதலாளியே அப்படித்தான் சொன்னார்.

அவரிடம் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. விரிப்பு எவ்வளவு தேயும் என்று பார்க்க, அதன் மேல் ஷூ தேய்க்கிற மாதிரி ஒரு சக்கரத்தை உருட்டச் சொல்லியிருந்தார்கள். நீ படித்துவிட்டு மூடி வைத்தாய். "இத்த எழுதினவன் வீட்ல ஷூ போட்டுக்கினு நடப்பான் சார். நம்ம வீட்ல செருப்பே வெளியதான். நம்ம தரைக்கு எதிரி யாரு தெரியுமா? சோத்துப் பானை, அருவாமனை, கெரசின் ஸ்டவ்வு, மஞ்சத் தூளு." அன்று முதல் கம்பெனி கேண்டீன்தான் உன் சோதனைச் சாலை. சமையல்கார அம்மா சோற்றுப் பானையை உன் ஷீட் மேல்தான் இறக்க வேண்டும், உன் ஷீட் மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்க வேண்டும். அவர் உன்னைத் திட்டாத நாள் இல்லை.

மஞ்சள்தான் படுத்தி எடுத்தது. குழைத்துத் தடவி மறுநாள் துடைத்தால் கறை அப்படியே நிற்கும். மேல் பூச்சில் எண்ணெயைக் குறைத்தாய், சூட்டைக் கூட்டினாய், ஒரு தரம் சுட்டதை இரண்டு தரம் சுட்டாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஈரத் துணியால் ஒரு இழுப்பில் மஞ்சள் போய்விட்ட அன்று, மிச்சமிருந்ததை என் கன்னத்தில் பூசிவிட்டு ஓடினாய். பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி வாசலில் ஒரு துண்டை ஒட்டி வைத்தோம். மூன்று மாதம் ஊரே மிதித்தது. சனிக்கிழமைதோறும் பன் வாங்கப் போகிற மாதிரி போய்க் குனிந்து குனிந்து பார்ப்போம். "ஏதாச்சும் கீழ வுழுந்துடுச்சாம்மா?" என்று பேக்கரிக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

ஒன்றுக்கு மட்டும் உனக்கு வழி தெரியவில்லை. விரித்து ஒரு மாதம் ஆனால் நாலு மூலையும் காய்ந்த அப்பளம் மாதிரி மேலே எழும்பிக்கொள்ளும். ஆணி அடித்தாய், பசை போட்டாய். சரியாகவில்லை. இருக்கட்டும், கடைக்கு அனுப்புவோம் என்று முதலாளி அவசரப்பட்டார்.

இனி என் பங்கு. கோலம் அச்சடிக்கலாம் என்று சொன்னது நான்தான். சிக்குக் கோலம், எங்கேயும் அறாமல் ஓடுகிற கோடு. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ மட்டும் பார்த்துவிட்டு, "ஓரத்துல இந்தக் கோடு போயி எங்கடி சேருது?" என்றாய். உருளை ஒரு சுற்று முடித்து அடுத்த கோலம் தொடங்குகிற இடத்தில் கோடு முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. நீ சுண்ணாம்புத் தூளை இரண்டு விரலில் எடுத்து, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரே இழுப்பில் ஓரத்தை வளைத்து அடுத்த கோலத்துக்குள் விட்டாய். கை நடுங்கவில்லை, தூள் சிந்தவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் திருத்தினேன். திருத்தியது நீ என்று யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் கடைகளுக்குப் போனது. நன்றாகவே விற்றது. 'தேய்த்தாலும் போகாது' என்று நோட்டீஸில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

மாசியில் ஒரு நாள், ஊருக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து ஒரு பெண் வந்தாள். கடையில் வாங்கினவள், கடைக்காரரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு நேரே கம்பெனிக்கே வந்துவிட்டாள். சுருட்டி எடுத்து வந்த ஷீட்டை என் மேஜை முன்னால் போட்டாள்.

"எங்க மாமனார் செத்து அஞ்சு நாள் ஆவுது. சாவு வீட்ல கோலம் போட்டு வச்சிக்கினு கீறீங்களேன்னு சொந்தக்காரங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. தண்ணி ஊத்தித் தொடச்சேன். சாம்பல் போட்டுத் தேச்சேன். கெரசின் ஊத்திக்கூட தேச்சேன். போவ மாட்டேங்குது. கடைசில கோணியப் போட்டு மூடிட்டுத்தான் அவரப் படுக்க வச்சோம். நீங்கல்லாம் பொம்பளைங்கதானே? இத்த யோசிக்க மாட்டீங்களா?"

"திருப்பிப் போட்டிருக்கலாமேம்மா" என்றேன் நான், அசட்டுத்தனமாக.

"பின்னாடி வெறும் துணி. தண்ணி பட்டா நாத்தம் கொடலப் புடுங்குது. அத்து மேல எப்படி சனங்க உக்காருவாங்க?"

சாவு விழுந்த வீட்டில் கோலம் போடக் கூடாது என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு வாசலில் கோலம் இல்லையென்றால் 'யாரு?' என்றுதான் முதலில் கேட்போம். வீட்டில் தெரிந்த அந்த விஷயம் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் எங்கே போயிற்று? உள்ளே வந்தால் அது டிசைன் நம்பர் பதினேழு. நீ மஞ்சளோடு சண்டை போட்டாய், நான் கோட்டோடு சண்டை போட்டேன், துடைக்க வேண்டிய நாள் ஒன்று வரும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அவள் போனாள். முதலாளியும் உள்ளே போய்விட்டார். நீ மெதுவாகத்தான் சொன்னாய். "நாமதான்டி யோசிச்சிருக்கணும். வீடுன்னா அதுல சாவும் கீது இல்ல?"

நாம் என்றாய். என்னைத் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. யார் மேலாவது கொட்ட வேண்டும், நீ பக்கத்தில் இருந்தாய். "நீ பேசாத. கோலம், தீட்டு எல்லாம் உங்க ஜனத்துக்கு ஏது? உனக்கு என்னாடி தெரியும் அதப் பத்தி?"

இதோ எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தாத்தா காலத்திலேயே உங்கள் வீட்டில் புத்தர் கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒரு நாள் என்னை நம்பிச் சொன்னாய். அதை எடுத்து உன் மேலேயே எறிந்தேன். புத்தர் ஒரு சாக்குதான். 'உங்க ஜனம்' என்ற வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என்ன அரண்மனையிலா பிறந்தேன்? ரயில்வேயில் கூலி வேலை பார்த்த கலாசியின் மகள். உன் டிபன் பாக்ஸில் கைவிட்டு அள்ளிச் சாப்பிட்டவள். நீ குத்துக்காலிட்டுக் கோடு போட்டதைக் கண்ணால் பார்த்தவள். எல்லாம் தெரிந்துதான் அந்த வாய் பேசியது.

நீ கையைத் துணியில் துடைத்தாய், விரல் விரலாக. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாய். உன் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. போய்விட்டாய்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றாய். நான் எழுந்தேன். என்ன சொல்வதென்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நீ என்னைப் பேசவிடவில்லை.

"பாயைத் திருப்பிப் போடறோமில்ல? அந்த மாதிரி செய்யலாம். ரெண்டும் நல்ல பக்கம். ஒரு பக்கம் உன் கோலம். இன்னொரு பக்கம் வெறும் செவப்பு, எங்க லைன் வீட்டுத் தரை கலரு. வீட்ல சாவுன்னா கவுத்துப் போடட்டும். பதினாறு நாள் போயி காரியம் முடிஞ்சதும் நிமித்திக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். "எந்த செவப்பு?" என்றுதான் வந்தது.

"வேலையப் பாரு" என்று போய்விட்டாய். அதற்குப் பிறகு சிரித்தாய், பேசினாய், என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கேட்காமலே மன்னித்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு எது வசதியோ அதைத்தானே நம்புவேன்.

அடியிலிருந்த துணியை எடுத்துவிட்டு, சாக்குப் படலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் படலம், ஒரே பூச்சு. நாலு மாதம் ஆயிற்று. முதல் ரோலிலிருந்து ஒரு நீளத்தை வெட்டிக் கேண்டீனில் விரித்தோம். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. மூலை எழும்பவில்லை. ஆணி இல்லை, பசை இல்லை, நாலு மூலையும் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. சமையல்கார அம்மாகூட மிதித்து மிதித்துப் பார்த்தார். "ஏன்டி எழும்பல?" என்று உன்னைக் கேட்டேன். நீ ஒரு மூலையைத் தூக்கி விட்டுப் பார்த்துச் சொன்னாய்: "முன்னாடி ஒரு பக்கம் மட்டும் இழுத்துச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்குது. அப்புறம் எப்படித் தூக்கும்?"

இத்தனை நாள் உன்னை ஆட்டிவைத்த வியாதிக்கு அத்திபெலேப் பெண்ணின் துக்கத்தில் மருந்து கிடைத்தது. அவள் மாமனாரின் வருஷ திதிக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போய் அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்தோம். அவள் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள், நமக்குக் காபி கொடுத்தாள். கேண்டீனில் விரித்த அந்த முதல் துண்டை நீ கத்தியால் குறுக்கே அறுத்து, "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றாய். கோலம் நடுவில் வெட்டுப்பட்டது. என் துண்டின் ஓரத்தில் அறுந்து நிற்கிற கோடு உன் துண்டில்தான் தொடரும்.

கிட்னி கெட்டுவிட்டது என்று நீ எனக்குச் சொன்னபோது ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டிருந்தாய். அப்போது எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேலையை விட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் சொல்ல நினைத்தேன், இரண்டு தடவையும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவைக்கு நீ இடம் வைக்கவில்லை.

சேதி கேட்டு உன் ரயிலில் ஏறினேன். பத்து வருஷம் நீ போய் வந்த ரயில், நான் ஏறியது அன்றுதான். சுரங்கத்தை மூடிவிட்டிருந்தார்கள், லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. உன் வீட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். கோலம் மேலே இருந்தது. அதன் மேல் உன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் கவுத்துப் போடுன்னுதாம்மா சொன்னாங்க" என்றார், நான் தரையைப் பார்ப்பதைப் பார்த்து. "அதுக்குத்தான் அவ அத்த செஞ்சான்னு எனக்கும் தெரியும். ஆனா தெனம் விடிகாலைல ரயிலுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல கோலம் போட்டுட்டுத்தான் போவா எம் பொண்ணு. ஒரு நாள் தப்பினதில்ல. இனிமே யாரு போடுவா? இது ஒண்ணுதான் கீது. நான் கவுக்க மாட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே டிராயிங்கு? வாய்தாம்மா அதுக்கு பொல்லாதது, எனக்குன்னு அங்க இருக்கறது அது ஒண்ணுதான்னு உன்னப் பத்தி சொல்லிக்கினே இருப்பா."

அங்கே நான் அழுத அழுகையை யாரும் அழவில்லை. உன் சொந்தக்காரர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். நான் எதற்கு அழுதேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, முதல் வேலையாக என் ஷீட்டைக் கவிழ்த்தேன். வாசலில் கோலம் போடவில்லை. என் வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவங்க நமக்கு என்ன முறை? நீ எதுக்கு தீட்டு காக்கற?" என்றார். "முறை எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்றேன். உங்கள் ஜனத்துக்குத் தீட்டு ஏது என்று கேட்டவள், உனக்காகப் பதினாறு நாள் தீட்டு காத்தேன். பதினாறாம் நாள் வாசலில் கோலம் போட்டேன். சின்ன அறைக்குப் போய் ஷீட்டை நிமிர்த்தக் குனிந்தேன். கை போகவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

தப்பு என்னுடையது. அன்று நான் சொன்னது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. உள்ளே இருந்துதான் வந்தது. அதற்காக என்னை மன்னித்துவிடு. உன் கை திருத்திய கோலத்தை என் கோலம் என்று சொல்லிக்கொண்டதற்கும் சேர்த்து.

சின்ன அறைக்கு டைல்ஸ் வேண்டாம் என்று கீழே போய்ச் சொல்லிவிட்டேன். மகள் முகத்தைத் தூக்கினாள், தூக்கட்டும். மேஸ்திரி ஷீட்டைக் கொண்டுவந்து அறையில் இறக்கிவிட்டு, "எந்தப் பக்கம் மேலக்கா?" என்றார்.

"செவப்பு."

"இம்மாம் புதுசா கோலம் கீது, அத்தப் போயி கவுக்கறீங்களே?"

"அந்தப் பக்கம் அவங்க வீட்ல மேல கெடக்குது" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. சரியென்று தலையாட்டிவிட்டு விரித்துக் கொடுத்துப் போனார்.

அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தரை ஜில்லென்று ஏறவில்லை. நாலு மூலையையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட எழும்பவில்லை.